பதிவேட்டில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதியாகிவிட்டது. அது போதுமா?

கோத்தகிரி நைட்ஷிஃப்ட் | திங்கள், மாலை 4:10

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் போடும் ஃபேக்டரி. பெயர் கேட்காதீர்கள். 12 வருடமாக இதே வேலை.

போன வாரம் விடியற்காலை மூன்றரை மணி. விடாத மழை. இலை சரியாக வாடாமல் ஈரத்தோடு கீழே இறங்கியது. அப்படி வந்தால் சி.டி.சி. மெஷின் (இலையை இரண்டு ரோலர்களுக்கு நடுவே நசுக்கிக் கிழித்துச் சுருட்டுவது) வாயில் உருண்டை பிடித்து அடைத்துக்கொள்ளும், தேயிலைக்காரர்களுக்குத் தெரியும். எங்களிடம் நான்கு சி.டி.சி. வரிசையாக இருக்கின்றன. மூன்றாவதில் அடைப்பு. ஜார்க்கண்ட் பையன், வயது 22. பேனலுக்குப் போய் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, கையை விட்டு இலையை வழித்திருக்கிறான். அவன் நிறுத்தியது இரண்டாவது மெஷினை. மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. வலது கையில் இரண்டு விரல் முதல் கணு வரை போய்விட்டது.

ஜீப்பில் நான்தான் கூட்டிப்போனேன். கையைச் சுற்றிய துண்டு முழுக்க இலைச் சாறும் ரத்தமும். அவன் அழவில்லை. "பந்த் கியா தா, சாப், பந்த் கியா தா" என்று ஆஸ்பத்திரி வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தான். நிறுத்தினேனே, நிறுத்தினேனே என்று.

விபத்துப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் என் கையால்தான் எழுதினேன்: தொழிலாளியின் கவனக்குறைவு. 'எடுத்த நடவடிக்கை' கட்டத்தில்: அனைவருக்கும் அறிவுரை வழங்கப்பட்டது. வழங்கவும் செய்தேன். மறுநாள் வரிசையாக நிற்க வைத்து ஐந்து நிமிடம் தமிழில் பேசினேன். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது.

அந்த "பந்த் கியா தா" காதிலேயே நிற்கிறது. தப்பான பட்டனை அழுத்தினான், கை போனது. அதற்கு மேல் கேட்க ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள்.

---

குன்னூர் மேனேஜர் (ஓய்வு) | திங்கள், மாலை 5:02

எழுதியது சரிதான் தம்பி. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 30 வருடம் ஃபேக்டரி பார்த்தவன் சொல்கிறேன், மெஷின் யாரையும் தேடி வந்து கடிப்பதில்லை. ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கர் 1931இலேயே கணக்குப் போட்டு எழுதிவிட்டார், 100 விபத்தில் 88 ஆள் செய்கிற தப்பு, 10 இடமும் மெஷினும், 2 கடவுள் விட்ட வழி. நாங்கள் டிரெய்னிங் போனபோது முதல் வகுப்பிலேயே இதைத்தான் எழுதிப் போட்டார்கள்.

பையனுக்கு நஷ்டஈடு வாங்கிக் கொடுங்கள். புதுப் பையன்களை சி.டி.சி. பக்கம் விடாதீர்கள்.

---

பழைய ஃபிட்டர் | திங்கள், இரவு 7:35

தம்பி, மூன்று கேள்வி. சுருக்கமாகப் பதில் போடு.

1. அந்த வாய்க்கு மூடித் தகடு இருக்குமே, அது எங்கே?
2. பேனல் மெஷினிலிருந்து எவ்வளவு தூரம்?
3. பேனலில் பட்டன்கள் எந்த வரிசையில் இருக்கின்றன? போட்டோ எடுத்துப் போடு.

---

கோத்தகிரி நைட்ஷிஃப்ட் | திங்கள், இரவு 9:48

அண்ணா, ஷிஃப்டில் இருக்கிறேன், போட்டோ காலையில்.

தகடு இருக்கிறது. மாடிப்படி கீழே சாய்த்து வைத்திருக்கிறது. நான்கு போல்ட், 17ஆம் நம்பர் ஸ்பேனர். கழற்றி மாட்ட 12 நிமிடம் ஆகும். மழைநாளில் ஒரு ராத்திரிக்கு ஏழெட்டுத் தடவை அடைக்கும். அதனால் சீசன் ஆரம்பித்ததும் கழற்றிவிடுவோம். நான் சேர்ந்த காலத்திலிருந்து அப்படித்தான்.

பேனல் பத்தடி தள்ளி, தூண் பக்கத்தில். பட்டன் எல்லாம் வரிசையாகத்தான் இருக்கிறது.

---

சாந்தி சேஃப்டி | திங்கள், இரவு 10:20

எனக்கு ஊர் எடக்காடு, வேலை கோவையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில், பாதுகாப்பு அலுவலர். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேனேஜர் ஐயாவுக்கு. ஹெய்ன்ரிச் வேலை பார்த்தது இன்சூரன்ஸ் கம்பெனியில். அவர் அந்த 88ஐ எடுத்தது இன்சூரன்ஸ் கோப்புகளிலிருந்தும் ஃபேக்டரிகள் எழுதிக் கொடுத்த விபத்து அறிக்கைகளிலிருந்தும். அந்த அறிக்கைகளை எழுதியது யார்? இந்தத் தம்பி மாதிரி சூப்பர்வைசர்கள்தான். மாடிப்படி கீழே கிடக்கிற தகடு அந்தக் கட்டத்துக்குள் வந்திருக்குமா? "ஆள் தப்பு" என்று எழுதிய காகிதங்களை எண்ணிப் பார்த்தால் ஆள் தப்புதான் அதிகம் என்று வரும், வேறென்ன வரும்.

இரண்டாவது, 'கவனக்குறைவு' என்ற ஒரே சாக்கில் நாம் நான்கு விதமான சரக்கைப் போட்டுக் கட்டிவிடுகிறோம். ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியல் பேராசிரியர் 1990இல் பிரித்துக் காட்டியது இது. நான் நம்ம ஊர்ப் பேச்சில் சொல்கிறேன்.

கை நழுவுவது: செய்ய நினைத்தது சரி, கை போனது வேறு இடத்துக்கு. சர்க்கரை டப்பா என்று உப்பு டப்பாவைத் திறப்பது.

மறதி: வேலை நடுவில் ஒரு படி விட்டுப்போவது. ஏ.டி.எம்.மில் முன்பெல்லாம் பணம் முதலில் வரும், கார்டு பிறகு வரும். பணம் கைக்கு வந்ததும் வந்த காரியம் முடிந்தது என்று மனசு கிளம்பிவிடும், கார்டு மெஷினிலேயே நிற்கும். "கார்டை மறக்காதீர்" என்று எழுதி ஒட்டிப் பார்த்தார்கள். பல இடங்களில் பிறகு கார்டை எடுத்தால்தான் பணம் வரும் என்று மாற்றினார்கள். மறக்கிற மனசு மாறவில்லை, வரிசைதான் மாறியது.

தவறான முடிவு: நினைத்ததே தப்பு. ஆனால் சரி என்று நம்பித்தான் செய்கிறான்.

விதியை மீறுவது: தெரிந்தே செய்வது. இதிலும் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது. வேலை நடக்க வேண்டும், விதிப்படி செய்தால் நடக்காது, எல்லோரும் செய்கிறார்கள், மேலே இருப்பவருக்கும் தெரியும்.

இப்போது பாருங்கள் தம்பி. பையன் நிறுத்தத்தான் போனான், நிறுத்தவும் செய்தான். அது முதல் வகை. தகட்டைக் கழற்றி வைத்தது நான்காவது வகை, அதைச் செய்தது அவன் இல்லை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. நழுவுகிற கைக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. அவனுக்கு விதி தெரியும், அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

---

குன்னூர் மேனேஜர் (ஓய்வு) | செவ்வாய், காலை 6:50

அம்மா நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் இப்படியே போனால் எவன் மேலும் தப்பு இல்லை என்றாகிவிடும். கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி வளைவு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறான், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் பள்ளத்துக்குப் போகிறான். அதற்கும் ரோடு மேல்தான் பழியா?

---

சாந்தி சேஃப்டி | செவ்வாய், காலை 8:15

நியாயமான கேள்வி ஐயா. அதற்கு எளிதான சோதனை ஒன்று உண்டு, ஆளை மாற்றிப் பார்ப்பது. அதே வேலை தெரிந்த, ஒழுங்கான இன்னொருவரை அதே நேரத்தில் அதே இடத்தில் நிறுத்தினால் அவரும் அதையே செய்திருப்பாரா? கல்லட்டியில் உள்ளூர் டிரைவர் பத்துப் பேரை இறக்கச் சொன்னால் பத்துப் பேரும் கியரில்தான் இறக்குவார்கள். அங்கே நியூட்ரல் போட்டவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம். பத்தில் ஐந்து பேர் அதே தப்பைச் செய்வார்கள் என்றால் ஆளைத் திட்டி என்ன பயன்?

தம்பி, இன்று ராத்திரி நீங்களே செய்து பாருங்கள். முன்கூட்டி எதுவும் சொல்லாமல், மெஷின் எல்லாம் நின்றிருக்கும்போது, நாலு பேரை ஒருவர் ஒருவராகப் பேனல் முன் கூப்பிட்டு "மூன்றாவதை நிறுத்து" என்று சொல்லுங்கள். கை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.

---

மஞ்சூர் லைன்மேன் | செவ்வாய், காலை 9:30

தப்பான மெஷின் என்றதும் என் கதை நினைவுக்கு வந்தது. வெளியே சொன்னதில்லை. இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன், சொல்லலாம்.

அப்பர் பவானி போகிற பக்கம், ஜூலை மாத மூட்டம். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாது. அங்கே இரண்டு லைன் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், கம்பம் எல்லாம் ஒரே மாதிரி. ஒரு லைனுக்கு முறைப்படி லைன் கிளியர், அதாவது கரண்ட்டை நிறுத்தி வேலை செய்ய அனுமதி, வாங்கியாயிற்று. வழியில் மரம் விழுந்து கிடந்ததால் சுற்றிக்கொண்டு மேலிருந்து இறங்கி வந்தேன். வழக்கமாகக் கீழிருந்து ஏறி வருவோம், இடது கைக் கம்பம் நம்முடையது. மேலிருந்து வந்தால் அது வலது கை. கை பழக்கத்தில் இடது கைக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்துவிட்டேன். பாதி ஏறியாயிற்று.

கீழே நின்ற ஹெல்பர் பையன், சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். "அண்ணா, டிஸ்சார்ஜ் ராடு இன்னும் போடலையே" என்று கத்தினான். லைனில் மிச்சமிருக்கும் கரண்ட்டைத் தரைக்கு இறக்குகிற கம்பி அது. கீழே இறங்கிக் கம்ப நம்பரைத் தேடினால் பெயின்ட் உரிந்து போயிருந்தது. 23 வருட அனுபவம் எனக்கு. அனுபவம்தான் கையை அங்கே கொண்டுபோனது, புது ஆளாக இருந்தால் நம்பரைத் தேடியிருப்பான். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் ஒன்றுதான்: பையில் சிவப்பு பெயின்ட் டப்பா ஒன்று, போகிற வழியில் தெரியாத நம்பரை எல்லாம் எழுதிக்கொண்டே போனேன்.

இன்னொன்று, நைட்ஷிஃப்ட் தம்பிக்கு. அந்த மெஷினுக்கு மேலே என்ன லைட்? டியூப்லைட் எல்லாம் ஒரே ஃபேஸில் இருந்தால் அந்த வெளிச்சம் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். வேகமாகச் சுற்றுகிற ரோலர் அந்தத் துடிப்போடு ஒத்துப்போனால் நிற்கிற மாதிரி, மெதுவாக நகர்கிற மாதிரித் தெரியும். அதனால்தான் மெஷின் ரூமில் லைட்டை மூன்று ஃபேஸுக்கும் பிரித்துப் போடச் சொல்வது.

---

கல்லார் ரயில் பைத்தியம் | செவ்வாய், காலை 10:05

லைன்மேன் அண்ணா, படிக்கும்போதே வயிற்றைக் கலக்கிவிட்டது.

கொஞ்சம் தடம் மாறிப் பேசுகிறேன், மன்னிக்கவும். நம்ம மலை ரயிலைக் கவனித்திருக்கிறீர்களா? கல்லாரிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளும். எஞ்சின் டிரைவருக்கு பிரேக் இருக்கிறது. அது போதாது என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார், கையில் தனி பிரேக். 1899இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய பாதை. டிரைவர் தப்பே செய்ய மாட்டார் என்று நம்பி அந்தப் பாதையைப் போடவில்லை. ஒருவர் கை நழுவினால் அடுத்தவர் கை பிடிக்கும் என்றுதான் ஆள் போட்டிருக்கிறார்கள்.

ஜப்பான் ரயில்காரர்கள் சிக்னலை விரலால் சுட்டி, வாயால் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். அங்கே 1994இல் ரயில்வே ஆராய்ச்சி நிறுவனம் சோதித்தபோது 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிச் சொன்னபோது 0.38 ஆகக் குறைந்தது.

---

குன்னூர் மேனேஜர் (ஓய்வு) | செவ்வாய், காலை 10:40

நம்ம ஆட்கள் மெஷினைச் சுட்டிக் காட்டி "மூணாம் நம்பர் நிக்குது" என்று கத்தினால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான்.

---

கூடலூர் கொழுந்து | செவ்வாய், பகல் 1:20

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். நான் கொழுந்து எடுக்கிறவள். அம்மா அப்பா சிலோனிலிருந்து வந்தவர்கள், நான் இங்கேயே பிறந்தவள்.

ஃபேக்டரி விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் மலைப் பக்கம் இப்படித்தான். தோளில் மூட்டையோடு இறங்கும் குறுக்குவழியில் ஒரு இடம், ஓடைக்கு மேலே, பாசி பிடித்த கல். போன மழைக்கு நான் விழுந்தேன், அதற்கு முன் இரண்டு பேர் வழுக்கி எழுந்தார்கள். யாரும் மேஸ்திரியிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் "கண்ணு எங்க இருந்துச்சு" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். கால் உடைந்தால் மட்டும் தெரியவரும். அன்றைக்கும் கல் பற்றிப் பேச்சு வராது, கால் பற்றித்தான் பேச்சு.

உங்கள் ஃபேக்டரியில் அந்தப் பட்டனை இதற்கு முன் யாரும் மாற்றி அழுத்தவே இல்லையா? கேட்டுப் பாருங்கள் அண்ணா. திட்ட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

---

கோத்தகிரி நைட்ஷிஃப்ட் | புதன், காலை 7:55

இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்தது. வீட்டுக்குப் போகாமல் எழுதுகிறேன்.

சாந்தி அக்கா சொன்ன மாதிரி இலை இடைவெளியில் எல்லாம் நின்றிருந்தபோது நாலு பேரைக் கூப்பிட்டேன். முதல் ஆள் என் பழைய ஆபரேட்டர், யோசிக்காமல் சரியாக அழுத்தினார். இரண்டாவது ஆள் இரண்டாம் மெஷின் பட்டனை அழுத்தினான். மூன்றாவது ஆள் விரலைப் பேனல் முன்னால் ஆட்டிக்கொண்டே நின்றுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்பாக அழுத்தினான். நாலாவது ஆள் திரும்பி மெஷினை எண்ணினான், பிறகு பேனலை எண்ணினான், அவனும் தப்பு.

அப்புறம்தான் நான் பேனலைப் பார்த்தேன். 12 வருடத்தில் முதல் தடவையாக என்று சொல்லலாம். போட்டோ கீழே இருக்கிறது, பார்ப்பதற்குக் கஷ்டமாக இருந்தால் நானே சொல்கிறேன். முதலில் மூன்று மெஷின்தான் இருந்தது. நாலாவதை வாங்கியபோது வலது பக்கம் இடம் இல்லாததால், இடது ஓரத்தில் சும்மா இருந்த ஓட்டையில் அதன் பட்டனை வைத்துவிட்டார்கள். அதனால் இடமிருந்து வலமாக வரிசை இது: 4, 1, 2, 3. மெஷின்கள் நிற்பது 1, 2, 3, 4. மூன்றாவது மெஷின் என்று மூன்றாவது பட்டனை அழுத்தினால் நிற்பது இரண்டாவது மெஷின். எண்கள் ஒட்டியிருந்த இடத்தில் தூளும் எண்ணெயும் படிந்து, துடைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பையன் சி.டி.சி.க்கு வந்து ஒன்பது நாள்தான். அதற்கு முன் ட்ரையரில் இருந்தான்.

கொழுந்து அக்கா, நீங்கள் கேட்கச் சொன்னதையும் கேட்டேன். ஐந்து பேர் கை தூக்கினார்கள். ஒருவன் போன வருடம். மூன்று பேர் இந்த சீசனில். பழைய ஆபரேட்டரும் தூக்கினார், அவர் புது மெஷின் வந்த புதிதில். எனக்கு ஒன்றுமே தெரியாது.

---

பழைய ஃபிட்டர் | புதன், காலை 8:30

இதைத்தான் தேடினேன் தம்பி. நானும் இப்படி ஒரு பேனலை மாற்றி வைத்துப் பாவம் கட்டிக்கொண்டவன், அதனால் கேட்டேன். புது மெஷின் வந்தால் எலக்ட்ரீஷியன் கண்ணுக்குத் தெரிவது காலி ஓட்டை மட்டும்தான். ஷிஃப்ட்காரன் கண் எங்களுக்குக் கிடையாது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்களின் பி-17 விமானங்களில் நடந்த கதை உண்டு. பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு பைலட்டுகள் இறக்கை மடலை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள், விமானம் வயிற்றில் உட்கார்ந்துவிடும். பைலட் தவறு என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். சப்பானிஸ் என்ற உளவியல்காரர் போய்ப் பார்த்தால் இரண்டு பிடியும் ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில். சக்கரத்துப் பிடியில் சிறு ரப்பர் சக்கரமும், மடல் பிடியில் ஆப்பு வடிவக் கட்டையும் மாட்டினார்கள். இருட்டில் கை தடவினாலே தெரியும். பிரச்சினை முடிந்தது.

உனக்குச் செய்ய வேண்டியது:

பேனலில் பட்டன் வரிசையை மெஷின் வரிசைக்கு மாற்று. எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. ஒவ்வொரு மெஷினிலும், கை விடுகிற இடத்திலேயே, ஒரு சிவப்புக் காளான் பட்டன் வை. அழுத்தினால் அங்கேயே பூட்டிக்கொள்ள வேண்டும், திருகினால்தான் விடும். பத்தடி நடந்து போய் நிறுத்துகிற கதையே வேண்டாம்.

தகட்டுக்கு போல்ட் வேண்டாம், கீல் வை. திறந்தால் மெஷின் நிற்கிற மாதிரி லிமிட் சுவிட்ச். ஆனால் ஒன்று, சி.டி.சி.யில் ஒரு ரோலர் நிமிடத்துக்கு 70 சுற்று, இன்னொன்று 700 சுற்று என்ற கணக்கு. கரண்ட் போனாலும் அந்தக் கனத்துக்கு உடனே நிற்காது. அதனால் ரோலர் நின்ற பிறகே கதவு விடுகிற பூட்டு வைத்தால்தான் முழுசாக வேலை. காசு கூட ஆகும். அதுவரை வழிப்பதற்கு மரக்கரண்டி செய்து சங்கிலியில் கட்டு, ரோலர் வரை எட்டாத நீளத்தில்.

---

குன்னூர் மேனேஜர் (ஓய்வு) | புதன், காலை 9:10

பேனல் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன். என் ஃபேக்டரியிலும் ஒரு மெஷின் பிறகு வாங்கியதுதான்.

ஆனால் ஃபிட்டர், அந்த சுவிட்சை ஒரு வாரத்தில் கம்பி போட்டுக் கட்டிவிடுவார்கள், பந்தயம்.

---

உதகை வாசகர் | புதன், காலை 9:25

ஒரு எச்சரிக்கை. நான் தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவன். பதிவேட்டில் எழுதுகிற சொல் அந்தப் பையன் கைக்கு வரும் பணத்தோடு சம்பந்தப்பட்டது. இ.எஸ்.ஐ. வராத இடத்தில் 2025 நவம்பர் வரை 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், இப்போது அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020. அதில் வெறும் கவனக்குறைவுக்காக இழப்பீட்டை மறுக்க முடியாது. ஆனால் பாதுகாப்புத் தகட்டைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றினார் என்று வந்தால், உயிரிழப்போ நிரந்தர முழு ஊனமோ இல்லாத காயத்துக்கு முதலாளி தப்பப் பார்க்கலாம். தகடு சீசன் தொடக்கத்திலிருந்தே கழற்றி இருந்தது, நிர்வாகத்துக்குத் தெரியும் என்பதை இன்றே எழுதி வையுங்கள். 2025 நவம்பர் வரை இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948இன் 21ஆம் பிரிவு, மெஷின் ஓடும்போது தடுப்பு அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. அந்தக் கடமை தொழிலாளியுடையது இல்லை.

---

கேத்தி கொத்தனார் | புதன், பகல் 12:15

தேயிலை தெரியாது, மண் தெரியும். சாந்தி மேடம் சொன்ன மூன்றாவது வகை எங்கள் தொழிலில்தான் அதிகம். தாங்கு சுவர் கட்ட மலையை வெட்டுவோம். பத்து இடத்தில் செங்குத்தாக நின்ற மண் பதினோராவது இடத்திலும் நிற்கும் என்று நினைப்போம். அது கவனக்குறைவு இல்லை, கவனமாகப் பார்த்துத்தான் "நிக்கும்பா" என்று சொல்வோம். முந்தின வாரம் பெய்த மழை உள்ளே போயிருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் என்றால் முட்டுக் கொடுக்கச் சொல்லித்தான் இந்தியத் தர நிர்ணயத்தில் இருக்கிறது. சின்ன வேலைக்கு முட்டுப் பலகைக்கு யார் காசு கொடுக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் லவ்டேலில் மண் சரிந்து ஆறு பெண்கள் போனார்கள். அதிலிருந்து பெண் ஆட்களைப் பள்ளத்துக்குள் இறக்க எனக்குக் கை வரவில்லை. ஆண்களை மட்டும் இறக்குகிறேனே, அது என்ன நியாயம் என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். பதில் இல்லை.

---

மட்டுறுத்துநர் | புதன், பகல் 2:00

மண்வெட்டு வேலை பற்றித் தனி இழை தொடங்கலாம், கொத்தனார். தேவையான விஷயம். நடுவில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வடமாநிலத் தொழிலாளர் பற்றிய வசவுக்கு இங்கே இடமில்லை.

---

கோத்தகிரி நைட்ஷிஃப்ட் | அடுத்த வியாழன், காலை 8:20

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

பேனல் வரிசையை மாற்றியாயிற்று. முதலாளியிடம் அந்த நாலு பேர் சோதனையை அவர் கண் முன்னாலேயே செய்து காட்டினேன். அவரையே கூப்பிட்டு அழுத்தச் சொன்னேன். அவரும் தப்பாக அழுத்தினார். அதற்குப் பிறகு பேச வேண்டியிருக்கவில்லை.

மாற்றிய முதல் இரண்டு ராத்திரி பழைய ஆபரேட்டர்தான் தடுமாறினார், கை பழைய இடத்துக்கே போனது. சாந்தி அக்காவுக்கு போன் செய்து கேட்டேன். அதனால் ஒரு வாரத்துக்கு நிறுத்துகிற ஒவ்வொருவரும் மெஷினைச் சுட்டி நம்பரை இந்தியிலோ தமிழிலோ உரக்கச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மேனேஜர் ஐயா சொன்ன மாதிரி முதல் நாள் சிரித்தார்கள். மூன்றாவது நாள் "தீன் பந்த்!" (மூன்று நின்றது) என்பது ஃபேக்டரிக்குள் கேலிப்பேச்சாகிவிட்டது. கேலியாகவாவது சொல்கிறார்கள்.

தகட்டுக்குக் கீலும் லிமிட் சுவிட்சும் போட்டோம். இப்போது மேனேஜர் ஐயா சந்தோஷப்படலாம்: ஐந்தாம் நாள் ராத்திரி சுவிட்சின் நாக்கைச் சைக்கிள் டியூப் வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பார்த்ததும் கோபம் தலைக்கேறியது. கத்த வாயெடுத்துவிட்டு நிறுத்தி, "எதுக்குக் கட்டினீங்க?" என்று மட்டும் கேட்டேன். ஆபரேட்டர் மெஷினைக் காட்டினார். அதிர்வில் தகடு நூல் அளவு தூக்கும், அடைப்பே இல்லாமல் மெஷின் தானாக நின்றுவிடும். ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை. பின்னால் இலை தேங்கும், நொதித்தல் கெடும், தூள் தரம் போனால் திட்டு அவருக்கு. நானாக இருந்தாலும் கட்டியிருப்பேன்.

இன்னொன்றும் தெரிந்தது. அடைப்புக்கே காரணம் மேல் மாடி. வாட்டும் தொட்டியில் ஒரு ஃபேன் ஜூன் மாதத்திலிருந்து ஓடவில்லை. ஈர இலையை அப்படியே கீழே தள்ளியிருக்கிறோம். ஃபேன் மோட்டாரைச் சுற்றக் கொடுத்திருக்கிறது.

பதிவேட்டில் காரணக் கட்டத்தில் அடித்துத் திருத்தக்கூடாது என்பதால் கூடுதல் தாள் ஒட்டி எழுதினேன்: பட்டன் வரிசை, தகடு, லைட், ஃபேன், ஒன்பது நாள் பயிற்சி, தமிழில் மட்டும் இருந்த எண் பலகை. என் கையெழுத்து.

---

கூடலூர் கொழுந்து | வியாழன், பகல் 1:05

பையன் எப்படி இருக்கிறான் அண்ணா?

---

கோத்தகிரி நைட்ஷிஃப்ட் | வியாழன், இரவு 9:15

கட்டுப் பிரித்தாயிற்று. ஊருக்குப் போகவில்லை, தொழிலாளர் லைன் வீட்டில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். புதுப் பேனல் போட்டோவை போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். மூன்றாவது பட்டன் மேல் விரலை வைத்து, "யே தீன்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஒன்றும் பேசவில்லை. டீ போட்டுக் கொடுத்தான், இடது கையால்.

---

பழைய ஃபிட்டர் | வியாழன், இரவு 9:50

சுவிட்சு தானாக விழுவதற்கு: தகட்டில் நேராக வைக்காதே, அதிர்வு அப்படியே வாங்கும். சட்டத்தில் தனி ஆங்கிள் அடித்து, தகட்டின் கீல் பக்கம் வை. நாக்கு அசைய இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடு, கீழே ரப்பர் வாஷர் போடு. அளவு எடுத்து அனுப்பு, படம் போட்டுத் தருகிறேன்.

---

குன்னூர் மேனேஜர் (ஓய்வு) | வெள்ளி, காலை 6:40

படம் போட்டால் இங்கேயே போடுங்கள் ஃபிட்டர். நம்ம பழைய ஃபேக்டரியில் இப்போது இருக்கிற பையனுக்கு அனுப்ப வேண்டும். அங்கே பட்டன் வரிசை 5, 1, 2, 3, 4. நேற்று போன் போட்டுக் கேட்டேன்.